முட்டை சேர்க்காத தொட்டி

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாரா இல்லையா என்று முகத்தில் தேடுவான். எனக்கும் அது உண்டு. ஆனால் என்னைவிட அந்த வியாதி முற்றிப்போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். காலையில் வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்டாச்சா?" என்பதுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தங்களைத்தான் மரியாதையாகக் கேட்கிறார் என்று நினைத்து, ஆச்சு மேடம் என்று கூச்சத்தோடு சொல்வார்கள். அவர் கேட்டது அவர்களை அல்ல. என் கேன்டீனுக்குப் பின்னால், மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், கழிவுநீர்த் தொட்டிக்குள் இருந்த கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத்தான் கேட்டார்.

சந்தாபுராவில் என் வீடு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பெங்களூரின் கடைசி அப்பார்ட்மென்ட்டுகளைத் தாண்டியதும் அந்த இயற்கைப் பூங்கா. ஒரு ஏரி, கூழைக்கடாக்கள், பட்டாம்பூச்சித் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை ஜனக்கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு இட்லியும் முட்டை பிரியாணியும் போட்டு நான் பிழைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் சாப்பிட்டால் கூட்டம் கக்கூஸுக்கும் போகும். அதற்காக என்றோ கட்டிய செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்து ஏரிக்குள் போய், ஒரு வருஷம் கரையெல்லாம் வெள்ளை நுரை. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பேப்பரில் படம் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, சுத்திகரிப்பைப் புதிதாகச் செய்யுங்கள், புதுத் தொட்டியின் தண்ணீர் பரிசோதனையில் தேறாவிட்டால் கக்கூஸையும் கேன்டீனையும் சேர்த்து இழுத்துப் பூட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கேன்டீனை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. அதனால் கழிவுநீர் என் குலதெய்வம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள வந்த இன்ஜினியர்தான் மேடம். ஜீவனஹள்ளிக்காரர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். ரிட்டையர் ஆக அதிக நாள் இல்லை. காட்டன் புடவை, அதற்குக் கீழே முழங்கால் வரை கம்பூட்ஸ். எல்லோருக்கும் அவர் மேடம்தான், எனக்கும் இங்கே அது போதும்.

முதல் நாளே என்னை அழைத்துப் போய்த் தொட்டியைக் காட்டினார். அழுக்குத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது, கீழேயிருந்து காற்று ஊதுகிறோம், அந்தக் காற்றில் கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்கின்றன, தின்று முடித்துக் கனத்துப்போய் அடியில் படிகின்றன, மேலே தெளிந்த தண்ணீர் ஏரிக்குப் போகிறது. இதைச் சொல்லிவிட்டு என் தோளைத் தட்டி, "நீயும் நானும் ஒரே தொழில்தாம்பா. நீ மேல மெஸ் நடத்தற, நான் கீழ மெஸ் நடத்தறேன்" என்றார். எனக்கு அது பெருமையாக இல்லை.

என் மெஸ்ஸிலிருந்து அவர் மெஸ்ஸுக்குப் போகும் எண்ணெய்தான் எங்கள் முதல் சண்டை. சமையலறை வாய்க்காலில் எண்ணெயைத் தடுக்க ஒரு சின்னத் தொட்டி உண்டு. தினமும் காலையில் அதன் மூடியைத் திறந்து மேலே மிதக்கும் ஆடையை ஒரு குச்சியால் கிளறுவார். நேற்று பூரியா என்பார். பூரிதான். இன்னொரு நாள் போண்டாவை இரண்டாம் தரம் அதே எண்ணெயில் போட்டாயா என்று கேட்டார். என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. எண்ணெய் குடித்தால் தொட்டியில் இருக்கும் பசங்களுக்கு மூச்சு முட்டும் என்று சொல்லிச் சொல்லி என் சமையலையே மாற்றிவிட்டார். வடை குறைந்து கொழுக்கட்டை கூடியது. பூங்காவுக்கு வந்தவர்கள் கேன்டீன்காரனுக்குக் கொலஸ்ட்ரால் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்தது கண்ணாடிக் குடுவை. தொட்டித் தண்ணீரை உயரமான ஒரு குடுவையில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். கிருமிகள் நன்றாக இருந்தால் பழுப்பு நிறத்தில் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளியும். அதற்கென்று ஓர் அறை கட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள், கட்டவில்லை. பூங்காவிலேயே ஆடாமல் அசையாமல் இருந்த ஒரே மேஜை என் கேன்டீனின் கிரானைட் மேடை. ஆகவே தினமும் காலை டிபன் நேரத்தில், ஃபில்டர் காபிக்கும் தண்ணீர் ஜக்குக்கும் நடுவில், கக்கூஸ் தண்ணீர் ஒரு குடுவை நிறைய நின்றது. மல்லேஸ்வரத்திலிருந்து பூங்கா பார்க்க வந்த ஒரு பெரியவர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, கூழ் என்று நினைத்து, ராகி அம்பலி ஒரு டம்ளர் கொடுங்கள் என்றார். அது விற்பனைக்கு இல்லை என்றேன். அப்புறம் எதற்குக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாய் என்று கோபித்துக்கொண்டு போனார். இதை மேடத்திடம் புகாராகத்தான் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நிறம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று பூங்காவுக்கு விடுமுறை. ஜனம் வராது. ஜனம் வராவிட்டால் தொட்டிக்கு எதுவும் போகாது. ஞாயிற்றுக்கிழமை விருந்து, செவ்வாய்க்கிழமை பட்டினி என்றால் எந்த உயிர் தாங்கும் என்று மேடம் மருகினார். சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய்க் கருப்பு வெல்லம் மூட்டையாக வாங்கி வந்து கரைத்து ஊற்றிப் பார்த்தார். அந்த வெல்லத்தை அவ்வளவு வாங்குகிறவர்கள் சாராயம் காய்ச்சாமல் வேறு என்ன செய்வார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியுமே. "எங்க காய்ச்சறீங்கோ அம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாராம். பசங்களுக்கு என்று மேடம் சொல்ல, அவர் இன்னும் பயந்துபோய்விட்டாராம்.

வெல்லம் மட்டும் போதாது என்று ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டார். டிக்கெட் கொடுப்பவர்கள், தோட்டக்காரர்கள், காவல்காரர்கள், நான். விடுமுறை நாளில் காலையில் வீட்டிலேயே முடித்துவிடாமல் இங்கே வந்து போகும்படி கேட்டுக்கொண்டார். முடிந்தால் குடும்பத்தோடு. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார். வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவங்கவங்க மேடம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்புடுவாங்க. உங்க மேடம் கக்கூஸுக்குக் கூப்புடறாங்களா?" என்றாள். ஆனாலும் வந்தாள். மாமியாரும் வந்தார். மேடம் குடையோடு கக்கூஸ் வாசலில் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவருக்கும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி அனுப்பினார். மாமியார் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டார். அவருக்கு மட்டும் ஒரு முழம் மல்லிகைப்பூ கிடைத்தது.

எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. குடுவைத் தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்தது. ஏரியில் நுரை நின்றது. பரிசோதனைக்கு அதிகாரி வரும் நாளைச் சொல்லிவிட்டார்கள், ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம். நான் புதிதாக இரண்டு பெஞ்சுக்குச் சொல்லி வைத்தேன்.

ஆயுத பூஜைக்கு மேடம் லீவு. ஜீவனஹள்ளியில் அவர் தம்பிக்கு ஒரு லேத் பட்டறை, அங்கே பூஜைக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை. போகும்போது, பிளான்ட்டுக்கு முதல் ஆயுத பூஜை, பளபளவென்று இருக்க வேண்டும் என்று தோட்டத்து மேஸ்திரி முனியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் வினை. பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் சாதாரணம் இல்லை. சைக்கிள் பம்புக்குக்கூடச் சந்தனம் வைப்பார்கள். முனியப்பா பக்திமான். விடிவதற்குள் எல்லோரையும் இறக்கிவிட்டார். கக்கூஸுக்கு ஆசிட், தரைக்கு ஃபினாயில், தொட்டியின் சுவருக்கும் நடைபாதைக்கும் மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடர். நான் என் அடுப்படியைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். கழுவிய தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு காற்று ஊதும் மெஷினுக்கு மாலை, குழாய்க்கெல்லாம் வாழைக்கன்று. வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல பம்புக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் என்றார் முனியப்பா. பம்பு நகராதே என்றேன். அதற்குப் பதிலாக நாங்களே வரிசையாக மிதித்தோம். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்துக் கலைந்தோம். இவ்வளவு நிறைவான பூஜை நான் பார்த்ததில்லை.

மறுநாள் விஜயதசமி. லீவு இருந்தும் மேடம் வந்துவிட்டார். மூங்கில் புதரைத் தாண்டுவதற்குள்ளேயே நின்றார். நல்ல தொட்டி மழை பெய்த மண் மாதிரி மணக்கும் என்பார். அன்று ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. மேலே சோப்பு நுரை, தண்ணீர் கலங்கல் வெள்ளை. குடுவையில் பிடித்து வந்து என் மேடையில் வைத்தார். அரை மணி போயிற்று, ஒரு மணி போயிற்று, அடியில் எதுவும் படியவில்லை. முனியப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். திட்டு விழும் என்று காத்திருந்தோம். மேடம் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"நல்லா கழுவியிருக்கீங்க. ஒருத்தர்கூட மிச்சமில்ல."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முழுக்க எல்லோரும் சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். பதினோராம் நாள் ஏதாவது செய்ய வேண்டுமா என்று முனியப்பா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எனக்குக் கேன்டீன் கதவில் தொங்கப்போகும் பூட்டுதான் கண்ணில் நின்றது. சொல்லி வைத்த பெஞ்சை வேண்டாம் என்று சொல்ல ஃபோனைக்கூட எடுத்துவிட்டேன்.

கிருமிகளைப் புதிதாக வளர்க்க வாரக்கணக்காகும். நன்றாக ஓடும் இன்னொரு தொட்டியிலிருந்து கிருமிகள் ஊறிய பழுப்புச் சேற்றைக் கொண்டுவந்து ஊற்றினால் பிழைக்கலாம் என்றார் மேடம். மறுநாளே என் காய்கறி வேனில் கிளம்பினோம். பின்னாலேயே, பெங்களூரில் ஹனி சக்கர் என்று சொல்வார்களே, கழிவு உறிஞ்சும் அந்த லாரி. மேடத்தின் மடியில் ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், அரைக் கிலோ மைசூர்பாக். வெறுங்கையோடு போய்க் கேட்கக் கூடாதாம்.

முதலில் பார்த்த அப்பார்ட்மென்ட்டின் சேறு மேடத்துக்குப் பிடிக்கவில்லை. சோகையாக இருக்கிறது என்றார். இரண்டாவது இடத்தில் நுரை அதிகம், முன்கோபக்கார வகை. மூன்றாவது சர்ஜாபுரா ரோட்டில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட். அந்தத் தொட்டியைப் பார்த்ததும் மேடத்தின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. அச்சு அசல் அம்பலி நிறம்.

அங்கே குடியிருப்போர் சங்கத்தின் செகரட்டரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ரிட்டையர் ஆனவர். தாம்பாளத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தார். இடம் எப்படி, நிழல் உண்டா, கூட இருக்கிறவர்கள் யார், ராத்திரியில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா. மேடம் எல்லாவற்றுக்கும் அடக்கமாகப் பதில் சொன்னார். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களோடது ப்யூர் வெஜ் அப்பார்ட்மென்ட் மேடம். கட்டின நாள்லேர்ந்து முட்டைகூட உள்ள வந்தது கிடையாது. அந்த பாக்டீரியாவும் அப்படியே வளந்துடுத்து. உங்காத்துல… உங்க பார்க்குல சாப்பாடு எப்படி?"

எனக்குச் சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்த சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

"முட்டை போடுவாங்க சார். இனிமே போட மாட்டாங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் சுத்த சைவம். அதுக்கப்புறம் மெள்ள மெள்ள பழக்கிக்கிறோம், ஒரே அடியா குடுக்க மாட்டோம்."

செகரட்டரி யோசித்தார். யாருக்கோ ஃபோன் போட்டார். பிறகு சம்மதம் என்றார். லாரி உறிஞ்சி முடிக்கும்வரை அவரும் அவர் மனைவியும் பால்கனியில் நின்று பார்த்தார்கள்.

வேனில் ஏறியதும் கேட்டேன், கிருமிக்கு சைவம் அசைவம் தெரியுமா மேடம் என்று. அவர் சிக்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியாதுப்பா. ஆனா நான் வார்த்தை குடுத்துட்டேன்ல."

அவரை நினைத்தால் எனக்கு இந்த ஒரு வாக்கியம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அன்று எரிச்சலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில் பாதி என் முட்டை பிரியாணிதான். அது போயிற்று, ஆம்லெட் போயிற்று, எக் பப்ஸ் போயிற்று. எக் பப்ஸ் மேடத்துக்கும் உயிர். தினம் பதினொரு மணிக்கு ஒன்று சாப்பிடுவார், அவரும் விட்டுவிட்டார். கேன்டீனில் மட்டும் நிறுத்தினால் போதும் என்று நான் நினைத்தேன். மேடம் அப்படி நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் புல்தரையில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தது. முட்டை பிரியாணி வாசனை. மேடம் கம்பூட்ஸோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் சாயங்காலம் வரைக்கும் இங்கே பாத்ரூம் மட்டும் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் பயந்துபோய்க் கேரியரை மூடிவிட்டார்கள். பிறகு கதையைக் கேட்டு மனம் இளகி, அவருக்கு ஒரு தட்டில் வெறும் சோறு வைத்துக் கொடுத்தார்கள்.

புதிதாக வந்த கிருமிகள் இரண்டு நாள் எதையும் தொடாமல் கிடந்தன. மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. இடம் புதுசு, கூச்சமாக இருக்கும் என்றார். தொட்டி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். அதுவரை கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், சர்ஜாபுரா ரோட்டுப் பசங்களுக்குப் புரியாது என்று இங்கிலீஷுக்கு மாறினார். மூன்றாம் நாள் குடுவையில் அடியில் ஒரு விரல் அளவு பழுப்பு படிந்தது. முனியப்பா அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் போட்டுக்கொள்ளத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன்.

அதிகாரி வந்தது மதியம். பாட்டில்களை எடுத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்கு நடந்தார். மேடம் குறுக்கே போய் நின்று, இப்போது சாப்பாட்டு நேரம், கொஞ்சம் பொறுங்கள் என்றார். தன்னைச் சாப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து அதிகாரி என் கேன்டீனில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டார். ஒரு ஆம்லெட் கிடைக்குமா என்றார். இல்லை சார், எங்கள் தொட்டி சைவம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. தேறிவிட்டது. செய்தி வந்தபோது நான் கல்லாவில் இருந்தேன், முதல் வேலையாகப் பெஞ்சுக்காரருக்கு ஃபோன் போட்டேன். பிழைப்பு பிழைத்தது. சந்தோஷம் தணிந்ததும் மேடத்திடம் போய், இனி முட்டை போடலாமா என்று கேட்டேன். ஒரு முட்டையில் ஆரம்பி என்றார். ஒரு தட்டு முட்டையா என்றேன். ஒரு முட்டை என்றார்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை என் கேன்டீனில் ஒரே ஒரு எக் பப்ஸ் தயாரானது. அதை மேடமே சாப்பிட்டார், நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு கையைக் கழுவிக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனார். வெளியே வந்து குடையை விரித்து, நாளைக்குக் குடுவையைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டை பிரியாணி பழைய அளவுக்கு வரத் தை மாசம் ஆனது.

அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிப் போய்விட்டார். கடைசி நாள் மாலை போட்டோம், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், தொட்டியிடம் கொஞ்சம் அதிக நேரம் சொல்லிக்கொண்டார். நீ சாப்பிட்டாயா என்று என்னைக் கடைசிவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அவர் இடத்துக்கு வந்த புது இன்ஜினியர் சின்ன வயது, கெட்டிக்காரர். விடுமுறை நாளில் தானாகவே சொட்டுச் சொட்டாகத் தீனி விடும் ஒரு மெஷினை வாங்கிப் பொருத்தினார். இனிமேல் செவ்வாய்க்கிழமைகளில் யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டில் இருந்தேன். காபி குடித்தேன். வயிறு கூப்பிட்டது. பாத்ரூம் கதவு வரை போய் நின்றேன். மனசு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனைவி புடவை மாற்றிக்கொண்டு தயாராக நிற்கிறாள், மாமியார் ஏற்கெனவே வேனில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

பூங்காவின் பின்கேட் திறந்திருந்தது. கக்கூஸ் வாசலில் முனியப்பா குடும்பம், டிக்கெட் கொடுப்பவர், காவல்காரரும் அவர் தம்பியும். நாங்களும் போய் வரிசையில் நின்றோம்.